சொல்லிக் கொடுக்காமல் எப்படித் தெரியும்?

"இதுகூடத் தெரியாதா?"

பதினோரு நாளாக இதே கேள்வி. தெரியாதுதான். தெரியாது என்று சொல்லித்தானே வேலைக்குச் சேர்ந்தேன்!

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கிறது. நிவாரணம் 8,000 ரூபாயை வைத்து இரண்டு மாதம் வீடு ஓடாது. அதனால் பாம்பனிலிருந்து பாலம் தாண்டி, மண்டபம் பக்கம் மெயின் ரோட்டில் ஒரு பாஸ்ட் புட் கடையில் சேர்ந்தேன். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதைப் பார்க்க வருகிற கூட்டம் வேறு. "வா தம்பி, பார்த்துப் பார்த்துப் பழகிக்கலாம்" என்றார் முதலாளி.

எதைப் பார்ப்பது? மாஸ்டர் கடாயை விட்டு முகத்தைத் திருப்பமாட்டார். "ரெண்டு சிக்கன் ஆஃப், ஒரு எக் ஃபுல், மிக்ஸ்டு ஒண்ணு பார்சல்" என்று குரல் மட்டும் வரும். ஆஃபுக்கு எந்த டப்பா, மிக்ஸ்டு என்றால் இந்தக் கடையில் என்னென்ன சேரும், பார்சலுக்கு எத்தனை சாஸ் பாக்கெட், எதையும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் "கூட்ட நேரத்தில் கேள்வி கேட்காதே". கூட்டம் இல்லாதபோது கேட்டால், "போய் வெங்காயம் உரி".

மூன்றாம் நாள் ராமேஸ்வரம் கோவிலுக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு வெஜ் ரைஸ் என்று சிக்கன் ரைஸைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே வெள்ளை டப்பா. மூடியில் ஒரு அடையாளம் கிடையாது. அந்த அம்மா திறந்து பார்த்துவிட்டு அழாத குறையாக நின்றார். எனக்குக் கை நடுங்கியது, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். முதலாளி அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டிவிட்டு, சம்பளத்தில் 280 ரூபாய் பிடித்தம் என்றார். மூடியில் பச்சையாக ஒரு புள்ளி வைக்க ஒரு மார்க்கர் பேனா போதுமே! இந்தத் தப்பு எனக்கு முன்னால் இருந்தவனும் செய்ததுதானாம். அப்போதே ஏன் ஒரு பேனா வாங்கவில்லை?

அதைவிடக் கொதிப்பது இது. ஃப்ரீசரில் இருந்த சிக்கனை எடுத்துப் பொரிக்கச் சொன்னார்கள். அப்படியே கொதிக்கிற எண்ணெயில் போட்டேன். ஐஸ் ஒட்டியிருந்தால் எண்ணெய் சீறி அடிக்கும், ஐஸ் விட்டு ஈரம் வடிந்த பிறகுதான் போட வேண்டும் என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம் அல்லவா? மணிக்கட்டு வெந்துபோனது. ஒருத்தர் பேஸ்ட் தடவு என்கிறார், இன்னொருத்தர் இட்லி மாவு என்கிறார். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், வேறு எதையும் தடவக்கூடாது என்று மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரியும். தினமும் அடுப்போடு வேலை செய்கிற இடத்தில் இது ஒருவருக்கும் தெரியவில்லை!

மாலை நான்கு மணிக்கு நின்றால் இரவு பன்னிரண்டு வரை நிற்பதுதான். எண்ணெய் டின் மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததற்கும் ஏச்சு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாகிவிட்டது.

அப்பாவோடு முதல் தடவை கடலுக்குப் போனபோது எனக்கு ஒன்றும் தெரியாது. படகில் ஏறுவதற்கு முன்பே, வலை ஓடும்போது கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதே என்று இடத்தைக் காட்டிச் சொன்னார். மீனைக் கழிக்கும்போது கெளுத்தியின் முள்ளை எப்படி ஒடிக்க வேண்டும் என்று நான்கு தடவை செய்து காட்டினார். ஐந்தாம் தடவை நான் தவறவிட்டபோதுதான் சத்தம் போட்டார். அந்தத் திட்டு எனக்கு வலிக்கவே இல்லை.

இங்கே மாஸ்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவரையும் ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, அடி வாங்கித்தான் படித்தாராம். சரி, அதற்காக நானும் வெந்துதான் படிக்க வேண்டுமா? கடை திறக்கும் முன்னால் அரை மணி நேரம். டப்பா எது, அளவு எது, எண்ணெயில் எது ஆகாது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

நாளைக்கும் போகத்தான் போகிறேன். ஜூன் 14 வரை வேறு வழி இல்லை. ஆனால் சம்பள நாளன்று அந்த 280 ரூபாயைக் கேட்காமல் விடமாட்டேன்.