காலை ஆறு மணிப் புகை

காலையில் ஜன்னலைத் திறந்தால் காபி வாசனைக்கு முன்னால் பிளாஸ்டிக் கருகும் நாற்றம்தான் வருகிறது. தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், கூட்டிக் குவித்த சருகோடு பால் கவர், தெர்மாகோல், யாரோ வீசிய பழைய செருப்பு எல்லாம் சேர்ந்து எரிகிறது. கொளுத்துவது யார் என்று பார்த்தால் கூட்டுகிறவர்களேதான். அவர்களைத் திட்டி என்ன பயன், அள்ளிப்போகும் வண்டி மூன்று நாளாக வரவில்லை, மேஸ்திரி வருவதற்குள் தெரு சுத்தமாகத் தெரிய வேண்டும், வேறு என்ன செய்வார்கள் பாவம். திறந்தவெளியில் குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 என்று அபராதமும் சொன்னது. சரி, நகராட்சி ஆளே எரித்தால் யார் யாருக்குக் கட்டுவது? புகார் கொடுத்தேன். இரண்டே நாளில் 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது, அன்று சாயங்காலமும் எரிந்தது. அப்புறம் போன மாதம் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் 'தூய காற்று நம் உரிமை' என்று பச்சை பெயின்டில் எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது கரி படிந்து அதில் 'தூய' மட்டும் தெரியவில்லை.