கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாமா?

“நர்ஸ் கிளவுஸ் போட்டிருந்தால் போதும், ஒவ்வொரு முறையும் கை சுத்தம் செய்யத் தேவையில்லை” என்று சொல்வது தவறு.

கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் கழற்றும்போதுதான்: மணிக்கட்டுப் பக்கம் பிடித்து இழுக்கையில் வெளிப்புற அழுக்கு தோலில் பட்டுவிடும். மாட்டுவதற்கு முன்பும் கை சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்குக் கையால் பெட்டிக்குள் துழாவினால் மிச்சக் கிளவுஸும் கெட்டது.

ஒரே நோயாளி என்றாலும், யூரின் பையைக் காலிசெய்த கிளவுஸோடு ஐவி கேனுலாவை (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் பொருத்தும் சிறு குழாய்) தொடக்கூடாது. கழற்றி, ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) போட்டு, புதிது மாட்ட வேண்டும். கிளவுஸ் மேலேயே ரப் தடவுவதும் (நிறையப் பேர் செய்வது) சரியல்ல.

ரப் உள்ளங்கை நிறைய எடுத்து 20–30 விநாடி தேய்க்க வேண்டும். விட்டுப்போவது பெரும்பாலும் கட்டைவிரலும் விரல்நுனியும். முழுக்கக் காய்ந்தபிறகே கிளவுஸ்; ஈரத்தோடு மாட்டினால் தோல் எரியும்.

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்) என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளி என்றால் கதை வேறு. அதன் வித்துகளை (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது. கிளவுஸ் கட்டாயம், கழற்றியதும் சோப்பும் தண்ணீரும், 40–60 விநாடி.