ஏட்டையாவும் கருப்புப் பூனையும்

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி மகன் போன மாதம் கோத்தகிரி வந்தபோது ஒரு ஆங்கில காமிக்ஸைக் கொடுத்துவிட்டுப் போனான். "அத்தை, செம டார்க்கா இருக்கும், படிங்க" என்றான். டார்க்காகத்தான் இருந்தது. பாதிப் புத்தகம் கருப்பு மை. மூன்றாம் பக்கத்தில் துப்பறிவாளனின் மனைவி கொலையாகிறாள். அதற்கப்புறம் நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு அவன் மழையில் நனைகிறான், குடிக்கிறான், விசாரணை என்ற பேரில் கண்டவன் விரலையெல்லாம் உடைக்கிறான். புத்தகத்தின் பெயர் வேண்டாம், விடுங்கள். செத்துப்போனவள் எப்படிச் சிரிப்பாள், எதற்குச் சண்டை போடுவாள், காப்பிக்குச் சர்க்கரை போடுவாளா, கடைசிவரை எனக்குத் தெரியவே இல்லை. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

இது நேற்று வந்த குறை இல்லை. 1994இல் வந்த கிரீன் லான்டர்ன் என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸின் 54ஆம் இதழில், நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போவான் வில்லன். இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களையெல்லாம் 1999இல் பட்டியல் போட்டார் கெய்ல் சிமோன். அப்போது அவர் வெறும் வாசகி, பிறகுதான் காமிக்ஸ் எழுதவே வந்தார். ஆம்பளைக்குக் கோபம் வருவதற்காக ஒருத்தி சாக வேண்டிய இந்த உத்தியை இன்றைக்கும் அந்த ஃபிரிட்ஜின் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1931இல் தொடங்கிய அமெரிக்க காமிக்ஸின் துப்பறிவாளன் டிக் டிரேசி போலீஸில் சேர்ந்ததே காதலியின் அப்பாவைக் கொள்ளைக்காரர்கள் கொன்றதால்தான். சாவு இல்லாமல் துப்பறியும் கதை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சாவைக் காட்டிவிட்டாலே துக்கத்தையும் காட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஏனென்றால் துக்கத்தில் இருந்த ஒரு போலீஸ்காரரைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அப்பா ஏட்டு. 2009 அக்டோபர் கடைசியில் அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, நவம்பரில் அந்தப் பெரிய நிலச்சரிவு வந்தது. நீலகிரியில் மட்டும் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். ரோடெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. அப்பா லீவை முறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை.

மண்ணிலிருந்து எடுத்த உடல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகஜரும் (சம்பவ இடத்தில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் போலீஸ் பதிவு) பிரேத விசாரணை அறிக்கையும் எழுதினார். உயரம், நிறம், உடுத்தியிருந்த துணி, அடையாளம் காட்டியவர் யார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் விறகடுப்பைப் பற்றவைத்து இரண்டு குண்டாவில் வெந்நீர் வைப்பார். ஒன்று அவருக்கு. இன்னொன்று அப்படியே ஆறிக் கிடக்கும். பொங்கல் வரைக்கும் இது நடந்தது. நாங்களும் கேட்கவில்லை.

அவர் யாரையும் அடிக்கவில்லை. (அடிக்கவே தெரியாதவர் என்று சொல்ல வரவில்லை, போலீஸ்காரர்தானே.) மாறியது அவருடைய எழுத்துதான். செத்தவரின் ஸ்வெட்டரில் எத்தனை பட்டன், அதில் எது வேறு கலர் நூலால் தைத்தது என்பதுவரை எழுதினாராம். "இவ்வளவு எதுக்குய்யா?" என்று மேலதிகாரி எரிந்து விழுந்ததை அவர் கூட்டாளி ஒருவர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்.

அந்த இரண்டாவது குண்டாவை வரைய காமிக்ஸைவிடத் தோதான கலை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு படக் கட்டத்தில் ஆவி பறக்கும். அடுத்த கட்டத்தில் ஆவி இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில் ஒரு ராத்திரி போய்விடும். வசன பலூனே வேண்டாம். நூறு பக்கம் கருப்பு மையைக் கொட்டுகிறவர்கள் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கக் கூடாதா?

ஒதுக்கியவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது பிளாக்சாட். முதல் ஆல்பம் 2000இல் பிரெஞ்சில் வந்தது. எழுதிய ஹுவான் தியாஸ் கனாலேஸ், வரைந்த ஹுவான்ஹோ குவார்னிதோ இருவரும் ஸ்பெயின்காரர்கள். ஐம்பதுகளின் அமெரிக்கா, எல்லாருக்கும் மிருகத் தலை, துப்பறிவாளர் ஒரு கருப்புப் பூனை. கொலையானவள் அவருடைய பழைய காதலி, நடிகை. கதை என்று பார்த்தால் அரதப் பழசான பழிவாங்கல்தான், அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் குவார்னிதோ டிஸ்னியில் அனிமேஷன் வேலை பார்த்த ஆள். பூனையின் காதும் கண்ணிமையும் பேசுகின்றன. அதுவும் வாட்டர் கலரில். மதியம் மூன்று மணிக்குக் கோடநாடு பக்கம் மூடுபனி இறங்கும்போது ஒரு வெளிச்சம் இருக்குமே, கருப்பே இல்லாத இருட்டு, அந்த நிறம் அந்த நகரத்துக்கு. அவள் உயிரோடு சிரித்த நாட்களுக்கும் கொஞ்சம் கட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவள் இல்லாதது உறைக்கிறது.

நம் லயன் காமிக்ஸில் வரும் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரும் மனைவியைப் பெரியம்மைக்குக் கொடுத்தவர்தான். அவரைப் பற்றி ஆரம்பித்தால் தனிப் பதிவாகிவிடும்.

பிளாக்சாடை அப்பாவிடம் கொடுத்தேன். இங்கிலீஷ் தகராறு, ஆனால் படம் பார்த்தே கதை பிடித்துவிடுவார், எங்களுக்கு முத்து காமிக்ஸ் வாங்கிக் கொடுத்துப் பழக்கியவரே அவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். கட்டிலில் அவள் கிடக்கிறாள், பூனை நின்று பார்க்கிறது.

"ஏங் கண்ணு, பாத்துட்டு நிக்கறான் சரி. மகஜர் யாரு எழுதறது?"