கச்சான் காற்றும் மொறிஸ் மைனரும்

ஏசி இல்லாத காலத்தில் கார்க் கண்ணாடியை இறக்கினால் போதும், காற்று வரும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலைக்காரருக்கு அது பாதி உண்மைதான். ஆடி மாதக் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து காய்ந்த காட்டைக் கடந்து அனலாக வரும். தென்மேற்கே இருக்கிற ஹபரணைக்குப் போகும்போது முகத்தில் அடிக்கும். திரும்பும்போது இன்னும் மோசம். காரும் காற்றும் ஒரே திசையில் ஓடுவதால் உள்ளே ஒரு துளிக் காற்றும் நுழையாது.

எங்களிடம் மொறிஸ் மைனர் கார் இருந்தது. முன்கதவில் உள்ள சின்ன முக்கோணக் கண்ணாடியை அப்பா திருப்பிவிட, காற்று அம்மாவின் மடியில் கிடந்த தம்பிக்குப் போகும். பின்சீற்றில் எங்களுக்கு சீற்றின் ரெக்சின் உறை தொடையோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா நனைத்த துவாய் விரித்துவிடுவா. வழியில் கந்தளாய் வரமுன்பே அது காய்ந்து விறைத்துப்போகும்.

கந்தளாய்க் குளத்தடியில் கட்டாயம் நிறுத்துவோம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் இருக்கிற றேடியேற்றரின் மூடியில் ஈரச்சாக்கைப் போட்டு, அப்பா கொஞ்சமாகத் திருகிவிட்டுப் பொறுத்திருப்பார். சீறல் அடங்கிய பிறகுதான் மூடியைக் கழற்றுவார். எஞ்சினை ஓடவிட்டபடியே தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுவார். கொதிக்கிற எஞ்சினில் ஒரேயடியாகப் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும். அதற்குள் நாங்கள் முகம் கழுவி, சட்டித் தயிரில் பாதியை முடித்துவிடுவோம். அந்தத் தயிரின் குளிர்ச்சி எந்த ஏசியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

போன மாதம் மகனின் காரில் அதே வழியால் போனோம். குளம் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். அதே ஈரமண் வாசம்.