ஸ்பெயினில் பிறப்பு குறைந்ததற்கு விவாகரத்துச் சட்டமா காரணம்?

"1981 வரைக்கும் ஸ்பெயினில் விவாகரத்து என்பதே கிடையாது, சட்டம் வந்த பிறகுதான் குழந்தை பிறப்பு விழுந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

மன்னராட்சி போன பிறகு வந்த ஸ்பெயினின் 'இரண்டாம் குடியரசு' அரசு 1932-லேயே விவாகரத்தைச் சட்டமாக்கியது. உள்நாட்டுப் போரில் வென்று சர்வாதிகாரியான பிராங்கோ 1939-ல் அதை ரத்து செய்தார். 1981-ல் நடந்தது பறித்ததைத் திருப்பிக் கொடுத்ததுதான்.

பிறப்பு விகிதத்தைப் பாருங்கள். 1970-களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள். 1981-லேயே அது 2-ஐ ஒட்டி வந்துவிட்டது. அதாவது சரிவு சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. கருத்தடைச் சாதனங்கள் சட்டப்படி கிடைக்கத் தொடங்கியது 1978-ல். அதற்கும் முன்னால், 1975 மே மாதம் வரை, மனைவி வேலைக்குப் போகவோ வங்கிக் கணக்கு தொடங்கவோ கணவரின் அனுமதி வேண்டும். (அந்த விதி நீங்கியபோது பிராங்கோ உயிரோடுதான் இருந்தார், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

மால்டா என்ற ஐரோப்பியத் தீவு நாட்டில் விவாகரத்து 2011-ல்தான் வந்தது. அங்கே பிறப்பு விகிதம் அதற்குள் 1.5-க்கும் கீழே போயிருந்தது. இதை எந்தச் சட்டத்தின் தலையில் கட்டுவீர்கள்?

இன்றைய ஸ்பெயினில் இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறவே கிட்டத்தட்ட 30 வயதாகிறது. வாடகையும் தற்காலிக வேலையும் அப்படி. அப்பாக்களுக்கு 2021-ல் முழுச் சம்பளத்தோடு 16 வாரம் விடுப்பு வந்தது, அதை மனைவிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அதன் பிறகும் விகிதம் 1.2-க்குக் கீழேதான்.