சாமி டேவிஸ் ஜூனியரும் இரவல் குரல்களும்

பழைய ஸ்விங் பாட்டு, அதாவது துள்ளலான தாளம் கொண்ட அமெரிக்க ஜாஸ் பாட்டு, கேட்கிறவர்களிடம் அமெரிக்க மேடைக் கலைஞர் சாமி டேவிஸ் ஜூனியர் பேச்சை எடுத்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆடுவார், டிரம்ஸ் வாசிப்பார், யார் குரலிலும் பேசிக் காட்டுவார், எல்லாம் சரி, ஆனால் பாடகர் என்றால் ஃபிராங்க் சினாட்ராதானே என்பார்கள். மிமிக்ரி என்றாலே நமக்கும் ஓர் இளக்காரம் உண்டு. ஆண்டுவிழாவில் அடுத்த நிகழ்ச்சி தயாராகும் வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வருகிற ஐட்டம் அது என்கிற நினைப்பு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அவர் பாட்டின் பலமே அந்த மிமிக்ரியில்தான் இருக்கிறது.

'பிக்காஸ் ஆஃப் யூ' என்ற காதல் பாட்டை 1951-ல் டோனி பென்னட் பெரிய ஹிட் ஆக்கினார். சில வருடம் கழித்து அதே பாட்டை டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பல பேர் குரலில் பாடிப் பதிவு செய்தார் சாமி. சிரிப்பு வரும்தான். ஆனால் இரண்டாவது முறை கேட்கும்போது காதை வேறு இடத்தில் வையுங்கள். அவர் பாடிக் காட்டுகிற ஒவ்வொருவரிடமும் தொண்டையை விடத் தாளத்தைத்தான் முதலில் பிடிக்கிறார். பாடகர் டீன் மார்ட்டின் என்றால் தாள அடி விழுந்த பிறகு சாவகாசமாக வந்து சேரும் சொல், வழுக்கிக்கொண்டு போகும் கடைசி எழுத்து. நாட் கிங் கோல் என்றால் லேசான கரகரப்பு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் துலக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி சுத்தம். பில்லி எக்ஸ்டைன் என்றால் அடிவயிற்றிலிருந்து கிளம்பி அகலமாக அதிரும் நீண்ட சுரம். யார் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எந்த அடிக்குப் பின்னால் ஒதுங்குகிறார் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியாமல் இதைச் செய்யவே முடியாது. ஸ்விங் என்கிற சங்கதியே அந்த ஒதுங்கலில்தான் இருக்கிறது. இதைவிடக் கூர்ந்து கேட்ட பாடகர் யார் இருக்கிறார், சொல்லுங்கள்.

இதில் இன்னொரு விஷயம், பலருக்கு மறந்தே போனது. குழந்தையாக மேடை ஏறியவர் அவர். அப்பாவும் வில் மாஸ்டினும் அவருமாக 'வில் மாஸ்டின் டிரியோ' என்று ஊர் ஊராக ஆடினார்கள். வெள்ளைக்கார நடிகர்களைப் பாவனை செய்கிறேன் என்று பையன் கிளம்பியதும் மாஸ்டினுக்கு வயிற்றைக் கலக்கியது. கறுப்பர் ஒருவர் வெள்ளையர் கூட்டத்தின் முன் நின்று வெள்ளையரைப் போலச் செய்துகாட்டுவது அன்றைக்கு வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. 1951-ல் ஹாலிவுட்டின் சீரோஸ் கிளப்பில், ஆஸ்கர் விழா முடிந்து வந்த நட்சத்திரங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அதையே செய்தார் சாமி. ஹம்ப்ரி போகார்ட், ஜேம்ஸ் காக்னி, ஜெர்ரி லூயிஸ் எல்லாம் அவருடைய கைச்சரக்கு. முக்கியப் பாடகிக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போக வந்த குழு அது. கூட்டம் அவர்களை இறங்கவே விடவில்லை. மாஸ்டின் பயந்தது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதே காலத்தில் லாஸ் வேகஸில் ஹோட்டல் மேடையில் கைதட்டு வாங்கிய கையோடு, தூங்குவதற்கு ஊருக்கு மேற்கே கறுப்பர் பகுதிக்குப் போயாக வேண்டும். அறை கிடையாது, சூதாட்டக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

1954 நவம்பரில் வேகஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் வழியில் கார் விபத்து, இடது கண் போனது. அடுத்த ஆண்டே மேடைக்குத் திரும்பிவிட்டார்.

வேகஸின் சாண்ட்ஸ் ஹோட்டலில் சினாட்ரா, டீன் மார்ட்டினோடு அவர் அடித்த கொட்டத்தைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி பிடிக்காது. அவர் நிறத்தை வைத்து மற்றவர்கள் அடிக்கும் ஜோக்குகளுக்கு அவரே விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்கக் கூசுகிறது. காலம் அப்படி என்பார்கள். இருக்கலாம். அந்தச் சிரிப்பும் அவர் செய்து காட்டிய இன்னொரு பாவனையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, சொந்தக் குரலுக்கு வருவோம். 1958-ல் 'மூட் டு பி வூட்' என்று ஓர் ஆல்பம். மண்டெல் லோவின் கிட்டார் மட்டும்தான் துணை. பித்தளை வாத்தியங்களின் ஆர்ப்பாட்டம் இல்லை, ஜோக் இல்லை, கால் தாளம் இல்லை. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பாட்டு. அங்கே சொல்லை இழுக்கிற விதத்தில் சினாட்ராவின் சாயல் ஒரு கணம் வந்து போகும், இன்னொரு வரியில் எக்ஸ்டைன் எட்டிப்பார்ப்பார், ஆனால் வரி முடிகிற இடத்தில் வருகிற அந்த லேசான விளிம்புக் கூர்மை முழுக்க முழுக்க சாமியுடையது. 'சொந்தக் குரல் இல்லாதவர்' என்கிறவர்கள் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கைக் குறைத்துவிட்டு இதைக் கேட்டுவிட்டு வாருங்கள். கமெண்டில் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.