பெர்லின் மட்டும்தானா கோபாலன்?
கிரிக்கெட், ஹாக்கி இரண்டும் ஆடிய மெட்ராஸ் வீரர் எம்.ஜே. கோபாலன், 1936 பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனதுதான் அவர் வாழ்க்கையையே தீர்மானித்த இழப்பு என்கிறது அவரைப் பற்றி இங்கே வந்திருக்கும் கட்டுரை. ஹாக்கித் தங்கம் கைநழுவியது உண்மைதான், அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆடவிடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் என் அப்பாவும் அவரோடு மெட்ராஸ் லீக் கிரிக்கெட் ஆடிய நண்பர்களும் (எல்லாம் கீழ் டிவிஷன் ஆட்கள்) உட்கார்ந்து கோபாலனைப் பற்றிப் பேசும்போது பெர்லின் என்ற பேச்சே வராது. அவர்களுக்கு அவர் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப் ஆள், அவ்வளவுதான். 1934-ல் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பை வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சாதனை மாதிரி சொல்லிக்கொள்வார்கள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவருக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று கேட்டிருக்கிறார். சரி, 1950-களில் மெட்ராஸும் சிலோனும் மோதத் தொடங்கிய கோப்பைக்கு அவர் பெயரை ஏன் வைத்தார்கள்? நிறைய டெஸ்ட் ஆடிய எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு கோப்பை கிடையாது. கட்டுரையில் அந்தக் கோப்பைக்கு ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குக் குறை.